குழந்தையின் பெயர்: வைப்பவர் கடமை, அழைப்பவர் கடமை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



நமது டிரஸ்ட்டின் கல்வி உதவித் தொகைக்கு வரும் விண்ணப்பங்களை, பிறப்புச் சான்றிதழோடும் பள்ளிச் சான்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். இந்த முறை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தில் 'ஜே. முஹம்மது' என்று இருந்தது. பிறப்புச் சான்றிதழில் 'முஹம்மது ஜுலைபீப்' என்று இருந்தது. இரண்டும் ஒருவர்தானா என்று கேட்பதற்காகப் பெயரைச் சொல்லி அழைத்தோம். அழைத்தபோது, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த எங்களில் ஒருவர் தம்மையறியாமல் சிரித்துவிட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். உடன் வந்திருந்த உம்மாவின் கண்கள் கலங்கின.

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், வருகைப் பதிவேட்டைப் படித்த ஆசிரியருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. இரண்டு முறை முயன்றார். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் 'ஜிலேபி' என்றது. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து மூன்றரை ஆண்டுகளாக அவன் அந்தப் பள்ளியில் ஜிலேபிதான். விளையாட்டு மைதானத்திலும் ஜிலேபி, டியூஷனிலும் ஜிலேபி, நமது மஹல்லாப் பிள்ளைகளுக்கும் ஜிலேபி. பதிவேட்டில் பெயர் படிக்கும்போது பதில் சொல்வதையே அவன் நிறுத்திவிட்டான். விடுமுறை என்று குறிக்கப்பட்ட நாள்களில் பாதி நாள் வகுப்பில்தான் இருந்திருக்கிறான். இப்போது பெயரை மாற்றித் தரும்படி வீட்டில் அழுகிறான்.

"ஜுலைபீப் யார் என்று தெரியுமா, தம்பி?" என்று கேட்டோம். "ஸஹாபின்னு வாப்பா சொன்னாங்க. அவ்வளவுதான் தெரியும்" என்றான்.

இந்தப் பதில் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதனை எழுதுகிறோம். பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இங்கே தேவையில்லை. அந்த மேசையில் சிரித்தவரும் நம்மவர்தான் என்பதால், பிறரைக் குறை சொல்லும் தகுதி எங்களுக்கும் இல்லை.

புதுப் பெயர் வைப்பது தவறா?

நமது வீடுகளில் குழந்தை பிறந்தால் முதலில் எழும் கேள்வி பெயரைப் பற்றியதுதான். இளம் பெற்றோர் யாரும் கேட்டிராத பெயரைத் தேடுகிறார்கள். பெரியவர்கள், "வாயில் நுழையவில்லையே, நல்ல பெயராக ஒரு ஃபாத்திமா, ஒரு இபுறாஹீம் கிடைக்கவில்லையா?" என்கிறார்கள். சில வீடுகளில் அகீகா விருந்து முடியும் முன்பே சம்பந்தி வீட்டாரிடையே மனக்கசப்பு வந்துவிடுகிறது.

பெயர் புதியது என்பதற்காக அதனை வெறுக்க மார்க்கத்தில் இடமில்லை. ஜகரிய்யா (அலை) அவர்களுக்கு முதுமையில் ஓர் ஆண் மகன் பிறப்பான் என்ற நற்செய்தியைச் சொன்ன அல்லாஹ், அந்தக் குழந்தைக்கு யஹ்யா என்று தானே பெயரிட்டான். அதற்கு முன் அந்தப் பெயரை எவருக்கும் ஆக்கவில்லை என்றும் ஸூரா மர்யமின் 7ஆவது வசனத்தில் குறிப்பிடுகிறான். இன்று நமது ஊரில் தெருவுக்கு இரண்டு யஹ்யாக்கள் இருக்கிறார்கள். ஆனால், முதல் யஹ்யாவின் பெயரை அவ்வூரார் அதற்கு முன் கேட்டதில்லை.

அதே வேளையில் முன்னோர் பெயரை வைப்பதும் சுன்னத்தான வழிதான். நபி (ஸல்) அவர்கள் தமக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தபோது, தமது தந்தையான இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரை வைத்ததாக அறிவித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்பதும் அதே நூலில் உள்ள நபிமொழியின் கருத்து. ஆகவே பாட்டனார் பெயரை விரும்பும் பெரியவரும், புதுப் பெயரை விரும்பும் இளம் தாயும் மார்க்கத்தின் எல்லைக்குள்தான் நிற்கிறார்கள். இதில் ஒருவரை ஒருவர் பகைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

'அரபிப் பெயர் இல்லையே' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. இப்ராஹீம், இஸ்மாயீல், மூஸா முதலிய பெயர்களே மூலத்தில் அரபிச் சொற்கள் அல்ல. நமது வீடுகளில் உள்ள ஷாநவாஸ், ஜஹாங்கீர், நஸ்ரீன், பர்வீன் எல்லாம் பார்ஸி வழியில் வந்தவை. நமது பாட்டிமார் காலத்தில் சீனி, முத்து, பிச்சை என்ற தமிழ்ச் சொற்கள் முஹம்மதோடும் பீவியோடும் சேர்ந்து அழகாக ஒலித்தன. கீழக்கரையின் வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரைத் தமிழ்நாடு சீதக்காதி என்றே அன்போடு நினைவில் வைத்திருக்கிறது. ராமேஸ்வரத்தில் பிறந்த அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் அவர்களின் பெயரில், அவுல் என்பது பாட்டனாரின் தந்தை பெயர், பக்கீர் பாட்டனார் பெயர், ஜைனுலாப்தீன் தந்தை பெயர். நான்கு தலைமுறையைச் சுமந்த அந்த நீளப் பெயரை இந்த நாடே சொல்லப் பழகிக்கொண்டது. ஷரீஅத் பார்ப்பது பொருளை. பொருள் நல்லதாக இருந்து, ஷிர்க்கின் சாயல் இல்லாதிருந்தால் எம்மொழிப் பெயரும் ஆகுமானதே.

நபி (ஸல்) அவர்கள் மாற்றிய பெயர்கள்

அப்படியானால் எந்தப் பெயரும் வைக்கலாமா? இல்லை. நபி (ஸல்) அவர்கள் சில பெயர்களை மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று பார்த்தால் நமக்கு அளவுகோல் கிடைத்துவிடும்.

உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு ஆஸியா என்று பெயர் இருந்தது. மாறு செய்பவள் என்பது அதன் பொருள். நபியவர்கள் அதனை ஜமீலா, அழகானவள், என்று மாற்றினார்கள். இது கெட்ட பொருளுக்காக மாற்றப்பட்ட பெயர்.

பர்ரா என்ற பெயர் இருந்தது. நல்லவள், புண்ணியவதி என்று பொருள். பொருள் நல்லதுதான். ஆனால், தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது போல் ஆகிறது என்று மக்கள் பேசியதால் அப்பெயர் ஜைனப் என்று மாற்றப்பட்டது. உம்முல் முஃமினீன் ஜுவைரிய்யா (ரலி) அவர்களின் முந்தைய பெயரும் பர்ராதான். மக்கள் ஒரு பெயரைக் கேட்டு என்ன நினைப்பார்கள் என்பதையும் நபியவர்கள் கருத்தில் கொண்டார்கள் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது செய்தி புகாரீயில் வருகிறது. பெரும் தாபியீயான ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) அவர்களின் பாட்டனாருக்கு ஹஸ்ன் என்று பெயர். கரடுமுரடான நிலம் என்று பொருள். நபியவர்கள், இனி உமது பெயர் ஸஹ்ல், அதாவது இலகுவானவர், என்று சொன்னபோது, தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பின் எங்கள் குடும்பத்தில் கடுமை நீங்கவே இல்லை என்று பேரர் ஸயீத் (ரஹ்) சொல்லியிருக்கிறார்கள்.

இதிலே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த மனிதர் மறுத்தபோது நபியவர்கள் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பெயரைச் சொல்லிக் கேலி செய்யவும் இல்லை. நல்லதை எடுத்துச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தமிழ் எழுத்தில் மறையும் பொருள்

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அரபியில் வேறு வேறு எழுத்துகளாக இருப்பவை தமிழில் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. பெயர் அட்டையில் தமிழில் பார்த்து, காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று வைத்துவிட்டால், அரபியில் எழுதும்போது பொருள் தலைகீழாகலாம். மக்தபில் மக்ரஜ் படித்த பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும். சில எடுத்துக்காட்டுகள்:

ஆஸியா: ஐனும் ஸ்வாதும் கொண்டு எழுதினால், மேலே சொன்ன மாறு செய்பவள். அலிஃபும் ஸீனும் கொண்டு எழுதினால், ஃபிர்அவ்னின் மனைவியாக இருந்தும் ஈமானில் உறுதியாக நின்ற அன்னை ஆஸியாவின் பெயர். தமிழில் இரண்டும் ஒன்றே.

அலீம்: ஐன் கொண்டு எழுதினால் நன்கறிந்தவன். அலிஃப் கொண்டு எழுதினால் நோவினை தரக்கூடியது. குர்ஆனில் அதாபைப் பற்றி வரும் சொல் அது.

ஹாமிதா: தொண்டையின் நடுவிலிருந்து வரும் 'ஹா'வானால் புகழ்பவள். தொண்டையின் அடியிலிருந்து வரும் 'ஹா'வானால் உயிரற்று வறண்டு கிடப்பது. ஸூரா ஹஜ்ஜின் 5ஆவது வசனத்தில் வறண்ட பூமிக்கு இச்சொல் வருகிறது.

ஆஸிம்: ஐனும் ஸ்வாதும் ஆனால் பாதுகாப்பவர். அலிஃபும் ஸாவும் ஆனால் பாவம் செய்தவர்.

அப்துல் ஹாலிக்: படைத்தவனின் அடிமை என்ற கருத்தில்தான் வைக்கிறோம். அரபியில் அது கரகரவென்று வரும் 'கா'. அதனை அடித்தொண்டை 'ஹா'வாக உச்சரித்தால், அழியக்கூடியவனின் அடிமை என்றாகிவிடும். அல்லாஹ் காப்பானாக.

இதைப் படித்துவிட்டு ஆஸியா, ஹாமிதா என்று பெயருள்ள சகோதரிகள் யாரும் கவலைப்பட வேண்டாம். உங்கள் பெற்றோர் நல்ல பொருளைக் கருதியே வைத்தார்கள். பெயர் அரபியில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் நிகாஹ் பதிவேட்டிலும் மற்ற இடங்களிலும் பார்த்துக்கொண்டால் போதும். அதே போல், பிற மொழியில் வேறு பொருள் வருகிறதென்று யாரும் நல்ல பெயரைக் கைவிட வேண்டியதில்லை. மைமூன் என்றால் அரபியில் பரக்கத் பெற்றவர். பார்ஸியில் அதே ஒலியுள்ள சொல் குரங்கைக் குறிக்கும். அதற்காக மைமூன்களைக் கேலி செய்பவர் தமது அறியாமையைத்தான் காட்டிக்கொள்கிறார்.

இன்று காணும் சில வழக்கங்கள்

வாப்பாவின் பெயரில் பாதியையும் உம்மாவின் பெயரில் பாதியையும் ஒட்டிப் பெயர் செய்வது இப்போது பெருகிவருகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால், எம்மொழியிலும் பொருள் இருக்காது. சில வேளை அந்த ஒட்டில் தவறான ஓர் அரபிச் சொல் அமைந்துவிடுவதும் உண்டு. பிள்ளை வளர்ந்து, "என் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் சொல்ல ஒன்றுமிருக்காது.

குர்ஆனைத் திறந்து விரல் பட்ட சொல்லைப் பெயராக வைப்பது மற்றொன்று. குர்ஆனில் சுவனமும் சொல்லப்படுகிறது, நரகமும் சொல்லப்படுகிறது. நபிமார்களும் வருகிறார்கள், ஃபிர்அவ்னும் வருகிறான். குர்ஆனில் உள்ள சொல் என்பதாலேயே ஒரு சொல் பெயராகிவிடாது. ஸகர் என்ற சொல் இனிமையாக ஒலிக்கும். அது நரகத்தின் பெயர்.

எண் கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தால் 'பெயர் பொருந்தவில்லை' என்று மாற்றுவதும் நமக்கு ஆகாது. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போக வேண்டும்.

கேட்பவர் கடமை

இதுவரை பெற்றோருக்குச் சொன்னோம். இனி நம் எல்லோருக்கும்.

ஸூரா ஹுஜுராத்தின் 11ஆவது வசனத்தில் அல்லாஹ், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்றும், பட்டப் பெயர் சூட்டி ஒருவரை ஒருவர் அழைக்க வேண்டாம் என்றும் தடுக்கிறான். பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிடச் சிறந்தவராக இருக்கக்கூடும் என்றும் எச்சரிக்கிறான். வட்டியைப் பற்றி பயான் செய்கிறோம், புறம் பேசுவதைப் பற்றி பயான் செய்கிறோம். பட்டப் பெயர் மட்டும் ஏனோ விளையாட்டாகவே போய்விட்டது. நமது தெருவில் குட்டை, கருப்பு, ஒல்லி என்று அடைமொழி இல்லாமல் அழைக்கப்படும் பெரியவர் எத்தனை பேர்? கடன் நோட்டிலும் கல்யாணப் பத்திரிகைப் பட்டியலிலும்கூட அப்படித்தானே எழுதுகிறோம்? பெரியவர்களிடம் கேட்டதைத்தான் பிள்ளைகள் பள்ளியில் செய்கிறார்கள்.

அன்போடு வைக்கும் செல்லப் பெயர் இதில் சேராது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் பூனைக்குட்டியின் பெயரால் அழைக்கப்பட்டார்கள். அலீ (ரலி) அவர்களை மண் படிந்த மேனியோடு பள்ளிவாசலில் படுத்திருக்கக் கண்ட நபியவர்கள் அபூதுராப் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரை அலீ (ரலி) அவர்கள் மிகவும் விரும்பினார்கள். விரும்பினார்கள் என்பதுதான் இங்கே அடையாளம். அழைக்கப்படுபவர் முகம் மலர்ந்தால் அது செல்லப் பெயர். முகம் வாடினால் அது ஹுஜுராத்தில் தடுக்கப்பட்டது. இதை அறிய ஃபத்வா தேவையில்லை, அவர் முகத்தைப் பார்த்தால் போதும்.

குழந்தை பார்க்கப் போகும் வீட்டில் நாம் சொல்லும் முதல் சொல்லும் முக்கியம். பெற்ற உடம்போடு படுத்திருக்கும் தாயிடம், "இது என்ன பெயர், வாயில் வரவில்லையே" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அவர் அதை ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. "பாரகல்லாஹ், என்ன பொருள்?" என்று கேட்டிருந்தால் அவர் மகிழ்ந்து சொல்லியிருப்பார். பெயரில் உண்மையிலேயே தவறான பொருள் இருக்குமானால், கூட்டத்தில் வைத்துச் சொல்லாமல், தந்தையிடம் தனியாகவும் மென்மையாகவும் சொல்ல வேண்டும்.

அல்லாஹ்வின் திருநாமங்களோடு சேர்ந்த பெயர்களைச் சுருக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அப்துர் ரஹ்மானை ரஹ்மான் என்றும், அப்துர் ரஸ்ஸாக்கை ரஸ்ஸாக் என்றும், அப்துல் கஃப்பாரை கஃப்பார் என்றும் அழைக்கிறோம். 'அப்து' என்ற சொல்லை மிச்சப்படுத்தி நாம் எங்கே போகப் போகிறோம்?

மாற்றுச் சமய ஆசிரியர்களும் அலுவலர்களும் நமது பெயர்களில் தடுமாறுவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரபிப் பெயரை நாமே பல விதமாகத்தான் சொல்கிறோம். அவர்களுக்குச் சொல்லித் தருவது நமது வேலை. பெரும்பாலோர் கற்றுக்கொள்ளத் தயாராகவே இருக்கிறார்கள். இதை இந்தப் பிள்ளையின் விஷயத்திலேயே கண்டோம்.

பெற்றோருக்குச் சில யோசனைகள்

1. பெயரை முடிவு செய்யுமுன் அரபியில் எழுதி, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமோ மதரஸா உஸ்தாதிடமோ பொருள் கேளுங்கள். டிரஸ்ட் அலுவலகத்திலும் கேட்கலாம். இதற்குக் கட்டணமோ காணிக்கையோ கிடையாது.

2. முழுப் பெயரையும் பத்து முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். பாட்டியாருக்கும், பக்கத்து வீட்டு முஸ்லிமல்லாத சகோதரிக்கும் சொல்ல வருகிறதா என்று பாருங்கள். சொல்ல வராவிட்டால் வைக்கக் கூடாது என்பதில்லை. ஆனால், சொல்லித் தர வேண்டிய பொறுப்பு உங்களுக்கு வருகிறது என்பதை உணருங்கள்.

3. பிறந்த அன்றே பெயர் வைப்பதற்கும், ஏழாம் நாள் அகீகாவோடு வைப்பதற்கும் ஹதீஸில் ஆதாரம் உண்டு. மாதக்கணக்கில் இழுக்க வேண்டாம்.

4. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் இல்லாமல் பதிவு செய்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பதிந்த பெயரைப் பின்னர் மாற்றுவது எளிதல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். ஆகவே அதில் உள்ள எழுத்து மிக முக்கியம்.

5. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டலை ஒரே முறை முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் முஹம்மது, ஆதாரில் முகமது, மதிப்பெண் பட்டியலில் 'எம்.டி.' என்று மூன்று விதமாக எழுதிவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைபவர்களை வாரந்தோறும் அலுவலகத்தில் பார்க்கிறோம்.

6. பெயரைத் தந்தையின் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள். பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயரோடு சேர்த்து அழைப்பதே நீதம் என்பது ஸூரா அஹ்ஸாபின் 5ஆவது வசனத்தின் கருத்து. உலகத் தேவையும் அதுவே. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் உள்ள விசிட் விசாக்காரர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது நம்மவர்கள் பலர் தவித்தார்கள்.

7. பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அதன் பெயரின் பொருளைச் சொல்லிக் கொடுங்கள். ஸஹாபியின் பெயரானால் அவர் வரலாற்றைச் சொல்லுங்கள். ஒரு முறை சொல்லி விட்டுவிடாமல், பலமுறை சொல்லுங்கள்.

இந்தக் கடைசி யோசனையைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் தந்தை, அவன் பிறப்பதற்கு முன் ரமழானில் கேட்ட ஒரு பயானில் உருகி, ஆண் குழந்தை பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று நிய்யத் வைத்திருக்கிறார். பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது வேலைக்காக அரபு நாட்டுக்குப் போய்விட்டார். பெயரைத் தந்துவிட்டுப் போனவர், அதன் வரலாற்றைச் சொல்லி வளர்க்க ஊரில் இல்லை. நாம் ஊரில் இருந்தோம். நாமும் சொல்லவில்லை.

ஜுலைபீப் (ரலி)

அன்று நேர்காணலை நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளைக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம்.

ஜுலைபீப் என்பது அரபியில் சிறுமையைக் காட்டும் வடிவில் அமைந்த பெயர். அவர்கள் மதீனாவில் செல்வமோ செல்வாக்கோ இல்லாதிருந்த ஒரு ஸஹாபி. பார்வைக்கு அழகானவர் என்று எவரும் சொல்லவில்லை. பெண் கொடுக்க யாரும் முன்வராத நிலையில், நபி (ஸல்) அவர்களே அன்ஸாரி ஒருவரிடம் அவர்களுக்காகப் பெண் கேட்டார்கள். பெண்ணின் தாய் தயங்கினார். அந்தப் பெண்ணோ, நபியவர்கள் கேட்டதை நாம் மறுப்பதா என்று சொல்லி ஒப்புக்கொண்டார். இது முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தி.

பின்னர் ஒரு போர் முடிந்தது. யாரையேனும் காணவில்லையா என்று நபியவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். இன்னாரை, இன்னாரை என்று சிலரைச் சொன்னார்கள். மீண்டும் கேட்டார்கள். மீண்டும் சில பெயர்கள். மூன்றாவது முறை கேட்டபோது, வேறு யாருமில்லை என்றார்கள். அப்போது நபியவர்கள், நான் ஜுலைபீபைக் காணவில்லை, அவரைத் தேடுங்கள் என்றார்கள். தேடியபோது, எதிரிகள் ஏழு பேரை வீழ்த்திவிட்டு அவர்களின் அருகே ஷஹீதாகிக் கிடந்தார்கள். நபியவர்கள் வந்து நின்று, இவர் என்னைச் சேர்ந்தவர், நான் இவரைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் கூறினார்கள். தம் இரு கைகளிலும் அவர்களை ஏந்திக்கொண்டார்கள். கப்ர் தோண்டி முடியும்வரை அவர்களுக்கு ஜனாஸாக் கட்டில், நபியவர்களின் கைகளைத் தவிர வேறொன்று இருக்கவில்லை. இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

எல்லாரும் சொல்லி முடித்த பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அல்லாஹ்வின் தூதர் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினார்கள். அந்தப் பெயரைத்தான் நாம் ஜிலேபி ஆக்கிவிட்டோம்.

பிள்ளை எதுவும் பேசவில்லை. "எழுதிக் கொடுங்க" என்று மட்டும் கேட்டான். எழுதிக் கொடுத்தோம். சிரித்த சகோதரர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வாரம் எங்களில் இருவர் பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியையைச் சந்தித்தோம். அவர் வருத்தப்பட்டு, "எப்படிச் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதி வாங்கிக்கொண்டு, எங்கள் முன்னாலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்தார். இப்போது பதிவேட்டில் முழுப் பெயரையும் சரியாகவே அழைக்கிறாராம். ஜிலேபி முற்றிலும் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. மைதானத்தில் இன்னும் சிலர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களில் நம் மஹல்லாப் பிள்ளைகளும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறோம். இந்த இதழ் வந்த அன்று இரவு, உங்கள் பிள்ளைகளை அருகில் அமர்த்தி இந்த வரலாற்றைப் படித்துக் காட்டுங்கள். யாரை என்ன பட்டப் பெயர் சொல்லி அழைக்கிறாய் என்று கேளுங்கள். நாமும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

பெயர் மாற்றம் பற்றி அந்தக் குடும்பம் இன்னும் முடிவு செய்யவில்லை. மாற்றினாலும் குற்றமில்லை, மாற்றாவிட்டால் மகிழ்ச்சி என்று சொல்லியிருக்கிறோம். உதவித் தொகையைப் பெற்றுக்கொண்ட ரசீதில் கையெழுத்திடும்போது, அவன் 'ஜே. முஹம்மது' என்று தொடங்கி, அடித்துவிட்டு, 'முஹம்மது ஜுலைபீப்' என்று எழுதினான்.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளுக்கு நல்ல பெயர்களையும், அந்தப் பெயர்களுக்கேற்ற நல்ல வாழ்வையும் தந்தருள்வானாக! பிறர் மனம் நோகப் பேசும் நாவிலிருந்து நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.